ஐந்து மணிப் பால்

எங்கள் தெருவில் யாரும் கடிகாரத்தை நம்புவதில்லை. பேக்கரி அடுப்பைத்தான் நம்புவார்கள். முதல் ரொட்டி வாசனை வந்தால் விடிந்துவிட்டது. பிஸ்கட் வாசனை வந்தால் பதினொன்று. எந்த வாசனையும் வராவிட்டால் மதியம் இரண்டு, அடுப்பு தூங்குகிறது. நான்கு மணிக்கு அது மறுபடி எழும். ஐந்தரைக்கு மாலை ரொட்டி வெளியே வரும். ஒரே ஒரு நாள் ரொட்டி ஆறேகாலுக்கு வந்தது. பக்கவாட்டில் வழிந்து, தொப்பி நழுவிய ஆட்களைப் போல வரிசையாக வந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு கடைக்காரர், "மாவு அதிகமா பொங்கிடுச்சு" என்று மட்டும் சொன்னார். பொய் இல்லை. ஆனால் முழுக் கதையில் அது கடைசி இரண்டு வரிதான்.

அந்தக் கடைக்காரரைத் தெரு முழுக்கக் கல்லாக்காரர் என்றுதான் சொல்லும். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ரொட்டி போடுவது அவருடைய மகன். அவனுக்கு ஈஸ்ட் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது, வைத்தவர் அவனை நன்றாக அறிந்தவர். காலையில் சொன்ன ஜோக்குக்கு மாலையில் சிரிப்பான். அவன் மனைவி ஐசிங். கேக்கில் அவள் வைக்கும் க்ரீம் ரோஜாவை வண்டு மொய்த்த சம்பவம் உண்டு. இவர்களுக்குப் பிறந்து நான்கு மாதமான பையன் பன்னு. பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் கன்னத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. கேக்குக்குப் பழம் ஊறவைக்கும் ரம் பாட்டில் கல்லாவுக்குள் பூட்டியிருக்கும். காசு சில நாள் மேலேயே கிடக்கும், ரம் கிடக்காது. ஐசிங் கேட்டால் கல்லாக்காரர் திறந்து கரண்டியால் அளந்து ஊற்றுவார். ஊற்றும்போது முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொள்வார். இருபத்தோரு வருஷமாக அப்படித்தான். ஏன் என்று தெருவுக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்காத அளவுக்குத் தெரு நல்ல தெரு.

இந்தச் சட்டத்துக்கு நடுவில்தான் ஐசிங்கின் அக்கா வருவதாகச் செய்தி வந்தது.

அக்கா சரக்குக் கப்பலில் சமையல்காரி. வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு பஸ்ஸுக்கும் இன்னொரு பஸ்ஸுக்கும் இடையில் வருவாள். அம்மா இல்லாத பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வருஷத்துப் பேச்சைப் பேசி முடிப்பார்கள். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட பிறகு ஐசிங் அந்தக் கிளாஸை அக்கா தங்கும் லாட்ஜில் குடித்தாள். போன வருஷம் வயிற்றில் பிள்ளை. அக்கா குடிக்க, இவள் பழச்சாற்றை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பெத்து இறக்கு. அடுத்த வருஷம் சேந்து குடிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனவள் இப்போது வருகிறாள். லாட்ஜுக்குப் போக நேரம் இல்லை. நேராக வீட்டுக்கு.

ஒரு வாரம் முன்பே ஐசிங் எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் போனாள். சுகாதார நிலையத்தில் குழந்தைகளைத் தராசில் போட்டு எடை பார்ப்பது நர்ஸம்மாவின் வேலை. பெரியவர்களையும் அதே கண்ணால் பார்ப்பார்.

"நர்ஸம்மா, ஒரு சந்தேகம். சிரிக்கக் கூடாது."

"நான் சிரிச்சு நீ பாத்திருக்கியா? கேளு."

"பால் குடுக்கறவ ஒரே ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாமா?"

நர்ஸம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "குடிக்காம இருந்தா ரொம்ப நல்லது. இது சம்பளத்துக்குச் சொன்னது. இப்ப சம்பளம் இல்லாம சொல்றேன், உக்காரு."

ஐசிங் உட்கார்ந்தாள்.

"ஒரு கிளாஸ்னா ஒரு கிளாஸ். சொம்பு இல்ல. முதல்ல பன்னுக்கு வயிறு நெறைய குடுத்துடு. நீயும் சாப்பிட்டிரு. அப்புறம் குடி. குடிச்சு முடிச்சதுல இருந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம் மார்ல போடாத. நீ ஒல்லி, ரெண்டரையே வெச்சுக்க. நடுவுல முழிச்சுட்டான்னா, முன்னாடியே எடுத்து வெச்ச பாலக் குடு."

"குடிச்சுட்டுப் பிழிஞ்சு ஊத்திட்டா சீக்கிரம் சரியாயிடும்னாங்களே?"

"யாரு? ரத்தத்துல இருக்கற வரைக்கும் பால்லயும் இருக்கும். ரத்தத்த விட்டுப் போனா பால விட்டும் போகும். நீ பிழிஞ்சா அது பயந்து ஓடுமா? கனம் தாங்கலைன்னா பிழி, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல."

"குடிச்சா பால் நல்லா சுரக்கும்னுகூட..."

"யாரு சொன்னா, விக்கறவனா? சுரக்கறது கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். இன்னொண்ணு. அன்னைக்குப் புள்ளயப் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்காத. தொட்டில்ல போடு." நர்ஸம்மா கடைசித் துணியை மடித்து வைத்தார். "வீட்டுல சொல்லிட்டியா?"

"அவருகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"இன்னும் பொங்கல."

"மாமனாருகிட்ட?"

ஐசிங் மடித்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

"வேணாம் போ," என்றார் நர்ஸம்மா. "அத நான் தராசுல போட்டுப் பாக்க முடியாது."

அந்த நாள் வந்தது. ஐசிங் கேக் ஆர்டருக்குத் தயார் செய்வதைப் போலத் தயார் செய்தாள். காலையில் இரண்டு பாட்டில் பால் எடுத்து, கடை வழக்கப்படி வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எழுதினாள்: காலை 7.10. காலை 11.00. வெண்ணெய்க்கும் க்ரீமுக்கும் நடுவில், கடையின் பெரிய குளிர்பெட்டியில் வைத்தாள். சாப்பிட்டாள். ஒன்றே முக்காலுக்குப் பன்னுவுக்குப் பால் கொடுத்தாள். அவன் குடித்து, அசந்து, தொட்டிலில் விழுந்தான். கல்லாக்காரர் கல்லாவிலேயே சாய்ந்து, தினசரியை முகத்தில் போட்டுத் தூங்கினார்.

வந்திறங்கிய அக்கா, பையில் காலுறைக்குள் சுற்றியிருந்த பாட்டிலை உருவினாள். ஐசிங் க்ரீம் அளக்கும் கண்ணாடிக் குவளையை நீட்டினாள்.

"இது எதுக்குடி?"

"நூத்தம்பது மில்லி. கோடு போட்டிருக்கு பாரு."

"ஒயினா, இருமல் மருந்தா?"

"ஊத்து. கோட்டுக்கு மேல போனா உன் கையிலதான் திருப்பி ஊத்துவேன்."

அக்கா கோடு வரை ஊற்றினாள். கப்பல் ஆடும்போது சூப் ஊற்றிப் பழகிய கை. தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். கடைக்குப் பக்கத்து அறையில், சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, மாவு மூட்டைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். முதல் வாய் குடித்ததும் ஐசிங் கண்ணை மூடினாள்.

"எப்படி இருக்கு?"

"புளிக்குது."

"விலை ஒசந்ததுடி."

"விலை ஒசந்த புளிப்பு." சிரித்தாள். "அக்கா, நாலு மாசமா என்ன யாருமே எப்படி இருக்கேன்னு கேக்கலக்கா. பன்னு எப்படி இருக்கான்னுதான் கேக்கறாங்க. நானும் பதில் சொல்லிடறேன். நல்லா இருக்கான்."

"நீ எப்படி இருக்க?"

ஐசிங் யோசித்தாள். "இன்னைக்கு ரெண்டு மணிக்கு மேல நல்லா இருக்கேன்."

கப்பல் சமையல்காரி தங்கையின் தலையில் ஒட்டியிருந்த மைதாவை ஊதிவிட்டாள். இரண்டரைக்குக் குவளை காலியானது. ஐசிங் எழுந்துபோய், கடிகாரத்துக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி "5.00" என்று எழுதினாள். மூன்று மணிக்கு அக்கா மிச்ச ஒயினைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு, தூங்கும் பன்னுவின் உள்ளங்காலை மோந்துவிட்டு, பஸ் ஏறிப் போனாள். ஐசிங் முன்கடைக்குப் பின்னால் இருக்கும் மேசையில், யாரோ வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கான கேக்கில் ரோஜா வைக்க உட்கார்ந்தாள். நாற்பது ரோஜா. ஒன்றும் கோணவில்லை.

இதற்குள் ஈஸ்ட் பொங்கிவிட்டான்.

ஒரு வாரம் முன்பு மனைவி சொன்னது அன்று மதியம் இரண்டே முக்காலுக்குத்தான் அவன் மண்டைக்குள் மேலே வந்தது. ஒயின் குடித்திருக்கிறாள். குளிர்பெட்டியில் அவள் பால் இருக்கிறது. ஆக, பாலில் ஒயின் இருக்கிறது. அப்பா எழுந்து அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால்? இதற்கு ரொட்டி போடுகிறவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. ரம்மில் ஊறிய பழத்தைக் கேக்கில் போட்டு அடுப்பில் வைத்தால் ரம்மின் வேகம் போய்விடும், வாசனை மட்டும் நிற்கும். ஆயிரம் கேக்கில் பார்த்தது. அவன் இரண்டு பாட்டிலையும் திறந்து, ஒரு ரொட்டித் தகர அச்சில் ஊற்றி, தூங்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில் தள்ளி, கதவைச் சாத்தினான். மனைவிக்கு ஒரு தொல்லையைத் தீர்த்துவிட்ட நிம்மதியில், மாவு பிசையப் போனான்.

நான்கு மணி பத்து நிமிஷத்துக்குப் பன்னு எழுந்தான். எழுந்தவுடன் தகவல் சொன்னான்.

ஐசிங் க்ரீம் கையைத் துடைத்துக்கொண்டு குளிர்பெட்டியைத் திறந்தாள். வெண்ணெய் இருந்தது. க்ரீம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"ஏங்க, இங்க ரெண்டு பாட்டில் வெச்சிருந்தேனே?"

"எடுத்துட்டேன்," என்றான் ஈஸ்ட், பிசைந்த மாவை அச்சுகளில் போட்டபடி, முழங்கை வரை மாவோடு. குரலில் சின்னப் பெருமை. "அடுப்புல வெச்சிருக்கேன். ஒயின் போகட்டும்னு."

ஐசிங் அடுப்புக் கதவைத் திறந்தாள். அச்சின் அடியில், நல்ல பிஸ்கட் நிறத்தில், ஒரு படலம் இருந்தது. ஓரங்களில் சுருண்டிருந்தது.

"அது காலையில எடுத்த பாலுங்க."

"சரி."

"நான் குடிச்சது மத்தியானம்."

"சரி."

"மத்தியானம் குடிச்சது காலையில எடுத்த பால்ல எப்படிங்க போகும்?"

ஈஸ்ட் அச்சைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். இந்த முறை ஒரு வாரம் ஆகவில்லை. முகம் மெதுவாக இறங்கிப்போயிற்று. அவள் கத்தியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. அச்சை மேசைமேல் வைத்து, விளிம்பை ஈரத்துணியால் துடைத்தாள், அதை விற்கப்போகிறவளைப் போல. அறைக்குள் பன்னு இரண்டாவது தகவல் சொன்னான். அதைக் கேட்டு அவள் ரவிக்கை நனைந்தது. உடம்புக்குக் கடிகாரம் தெரியாது.

"மருந்துக்கடையில பால்பவுடர் டப்பா வாங்கிட்டு வரேன்," என்று ஈஸ்ட் ஓடினான். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தான். மருந்துக்கடைக்காரர் மதியத் தூக்கத்தையும் ஒரு மருந்தாகக் கருதுபவர், ஐந்து மணிக்கு முன் திறக்க மாட்டார்.

முகத்திலிருந்து தினசரி விழ, கல்லாக்காரர் உள்ளே வந்தார்.

"என்னம்மா, பன்னு பசியில அழறான். எடுத்துக் குடேன்."

ஐசிங் குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றாள். "இப்பக் குடுக்க முடியாது மாமா."

"ஏன்?"

"அவளுக்குக் காய்ச்சல்பா," என்றான் ஈஸ்ட்.

"காய்ச்சல் இல்ல மாமா." அவள் மாமனாரை நேராகப் பார்த்தாள். "எங்க அக்கா வந்துச்சு. ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சேன். ரெண்டரைக்கு முடிச்சேன். அஞ்சு மணிக்கு மேலதான் குடுக்கலாம்."

பிசையும் மேசையில் மாவு மெல்ல மூச்சு விடும் சத்தம் கேட்டது. கல்லாக்காரர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எவ்வளவு?"

"நூத்தம்பது மில்லி. க்ரீம் குவளையில அளந்தேன்."

"சாப்பிட்டிருந்தியா?"

"சாப்பிட்டேன்."

"இவனுக்குக் குடுத்துட்டுத்தானே?"

"ஆமா மாமா."

"எடுத்து வெக்கலையா?"

"வெச்சேன். ரெண்டு பாட்டில்."

"எங்க?"

இருவரும் ரொட்டி அச்சைப் பார்த்தார்கள். கல்லாக்காரரும் பார்த்தார். குனிந்து மோந்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ரம் கேக்குல போயிடும்ல, அதனால..." என்றான் மகன்.

"கேக்குலயே முழுசாப் போகாதுடா," என்றார் அப்பா. "எனக்குத் தெரியாதா?"

ஐசிங் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். எதிர்வீட்டிலிருந்து கத்தினாலே கேட்கும், ஆனால் இது கத்துகிற விஷயம் இல்லை. நர்ஸம்மா மணி கேட்டார், அளவு கேட்டார், தலை சுற்றுகிறதா என்று கேட்டார். சுற்றவில்லை. "நாப்பது நிமிஷம்தானே, தள்ள முடிஞ்சா தள்ளு. தூக்கிட்டு நட, வேடிக்கை காட்டு. ரொம்பத் துவண்டு போனான்னா எனக்கு உடனே போன் பண்ணு, வந்து பாக்கறேன். ஒரு கிளாஸுக்கு ஒண்ணும் குடி முழுகிடாது. ஆனா நீ ரெண்டரைன்னு முடிவு பண்ணியாச்சு, புள்ளயும் நல்ல எடைதான். அதுலயே நில்லு." வைத்துவிட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எதிர்வீட்டுத் திரை விலகி மூடியது.

கல்லாக்காரர் ரொட்டிக்கு வைக்கும் மணியை எடுத்து, ஐந்து மணிக்குத் திருகி, மேசைமேல் வைத்தார். கையை நீட்டினார்.

"குடு. உன் தோள்ல இருந்தா பால் வாசனை அடிக்கும், அவன் இன்னும் அழுவான். என்கிட்ட காசு வாசனைதான்."

அடுத்த நாற்பது நிமிஷம் அந்தக் கடையில் வேலை என்று ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பு வாயிலிருந்து முன்கடை வரை பதினான்கு அடி. கல்லாக்காரர் பன்னுவைத் தோளில் போட்டு நடந்தார். மாவு சல்லடையைத் தட்டிக் காட்டினார். பிஸ்கட் அச்சுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது மீன், இது நட்சத்திரம், இது உங்கப்பன் செஞ்சது, என்னன்னு யாருக்கும் தெரியாது என்றார். பன்னு மீனுக்கு இரண்டு நிமிஷம் அடங்கினான். நட்சத்திரத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஈஸ்ட் பின்னாலேயே கரண்டியை ஆட்டிக்கொண்டு நடந்தான். மாவு அச்சின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. யாரும் கவனிக்கவில்லை. ரொட்டி கேட்டு வந்த இரண்டு பேர், அந்த மூவர் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

நாலே முக்கால். பன்னுவின் குரல் கம்மிவிட்டது. ஐசிங் ரோஜா மேசையில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் நிற்க உட்கார்ந்திருந்தாள்.

"நான் குடிச்சிருக்கக் கூடாது மாமா."

அவர் நடையை நிறுத்தவில்லை. "இவன் பொறந்தப்ப," என்று மகனை மோவாயால் காட்டினார், "நான் தெனம் குடிப்பேன். உங்க அத்தை கதவத் திறக்க மாட்டா. வாசனை போற வரைக்கும் புள்ளயத் தொடக் கூடாது, அதான் சட்டம். நான் சந்துல நிப்பேன், அந்தப் பக்கத்து அறை ஜன்னலுக்குக் கீழ. எப்படா போகும், எப்படா போகும்னு விரலை மடக்கி மணி எண்ணிக்கிட்டு நிப்பேன். அவ உள்ள இருந்து இவனத் தூக்கிக் காட்டுவா. சில நாள் இவன் தூங்கியே போயிடுவான். ஒரு நாள் என்னைப் பாத்துக் கைய ஆட்டினான்."

"அன்னைக்கு விட்டுட்டீங்களா மாமா?"

"விட்டேன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். அதுக்கப்புறமும் நாலு வருஷம் ஆச்சு."

ஈஸ்ட் கரண்டியை ஆட்டுவதை நிறுத்திவிட்டான். இதை அவனிடம் யாரும் சொன்னதில்லை.

"நீ கணக்குப் போட்டுட்டுக் குடிச்ச," என்றார் கல்லாக்காரர். "நான் குடிச்சுட்டுக் கணக்குப் போட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு யாராவது சொன்னா கல்லாவுக்கு அனுப்பு." பன்னுவைத் தோள் மாற்றினார். "என்கிட்ட மறைச்சதுக்குக் கோவம் இருக்கு. அத அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கறேன். இப்ப கை காலி இல்ல."

"பயந்துட்டேன் மாமா."

"நானும்தான். நீ ஒயின்னதும் குலை நடுங்கிப்போச்சு. அப்புறம் மில்லி சொன்ன. மில்லி சொல்லிக் குடிச்ச ஆள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

மணி அடித்தது.

ஐசிங் பன்னுவை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடைத்திருந்த அழுகை சட்டென்று நின்றது. கடைக்குள் இரண்டு ஆண்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஏதோ பெரிய இயந்திரம் நின்றுபோனது போல நின்றார்கள். ஈஸ்ட் அப்போதுதான் மாவைப் பார்த்தான். அது அச்சிலிருந்து இறங்கி மேசையில் நடக்க ஆரம்பித்திருந்தது.

"அப்பா."

"ம்."

"நான் கைய ஆட்டினேனா?"

"ஆட்டின. போய் அடுப்ப மூட்டு."

சொல்லிவிட்டு அவர் சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். சாக்கடை முன்பக்கம் இருக்கிறது. அவர் போனது சந்துக்கு.

அறைக்குள் பன்னு ஒரு பக்கம் முடித்து, மறுபக்கமும் முடித்தான். கண் செருகியது, வாய் விடவில்லை. ஐசிங் அவனை நிமிர்த்தியபோதுதான் திரைக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. நரைத்த தலை. ஜன்னலைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.

அவள் திரையை விலக்கினாள். பன்னுவின் கக்கத்தில் கை கொடுத்து, ஜன்னல் கம்பி வரை தூக்கிப் பிடித்தாள். அவன் மோவாயில் பால் வழிந்திருந்தது. கல்லாக்காரர் திரும்பினார். கை பாதி தூரம் மேலே போய், என்ன செய்வதென்று தெரியாமல், காற்றில் நின்றது.

ஐசிங் ஜன்னலை விட்டு நகர்ந்தாள். சந்துப் பக்கக் கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"ஏன் மாமா அங்க நிக்கறீங்க? உள்ள வாங்க. இவனுக்கு ஏப்பம் எடுக்கணும்."

அவர் படியில் செருப்பைக் கழற்றினார். ஜோடியாகச் சேர்த்து வைத்தார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்குள் போனார்.